லாரிக்குப் பெரிய பேட்டரி மாட்டும் முன்: 24 வோல்ட் சார்ஜிங் கோளாறுகளுக்கு முழுமையான வழிகாட்டி

காலையில் செல்ஃப் இழுக்கவில்லை என்றதும் பட்டறையில் முதலில் வரும் பேச்சு, "பேட்டரி பத்தல, பெருசா மாத்திடுங்க" என்பதுதான். 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) ஜோடியைக் கழற்றி 150 ஏஎச் ஜோடியை மாட்டினால் சில மாதம் வண்டி சொன்னபடி கேட்கும். பிறகு அதே தொல்லை, கூடுதல் செலவோடு. பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. இன்ஜின் சுற்றும் ஆல்டர்னேட்டர் உண்டாக்கிக் கொடுப்பதை வாங்கி வைத்திருந்து திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். கொடுப்பதிலேயே குறை இருந்தால் 150 ஏஎச்சும் காலியாகும், கொஞ்சம் தாமதமாக. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பேட்டரி வாங்கும் பேச்சு பாதிக்குப் பிறகு வருகிறது.

இங்கே சொல்வது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லாரி, டிப்பர், டிரெய்லர்களுக்கு. டாடா ஏஸ், தோஸ்த் போன்ற சின்ன வண்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கு வோல்ட் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இரட்டைப் பேட்டரி சமாச்சாரம் அவற்றுக்குப் பொருந்தாது.

கையில் இருக்க வேண்டியவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், டிசி ஆம்பியர் அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர், ஹைட்ரோமீட்டர், ஸ்பேனர் செட், கம்பி பிரஷ், சமையல் சோடா, பெட்ரோலியம் ஜெல்லி, ரப்பர் கையுறை, கண்ணாடி. கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது கவனம்: விலை குறைந்தவற்றில் பல, கிளாம்ப்பில் ஏசி மட்டுமே அளக்கும். லாரி வேலைக்கு அது உதவாது.

மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

24 வோல்ட் என்பது இரண்டு 12

சேஸிஸில் எர்த் ஆகும் பேட்டரியைக் கீழ் பேட்டரி என்றும், ஸ்டார்ட்டருக்குப் பிளஸ் கேபிள் போகும் பேட்டரியை மேல் பேட்டரி என்றும் வைத்துக்கொள்வோம். கீழ் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து மேல் பேட்டரியின் மைனஸுக்கு ஒரு லிங்க் கேபிள் போகும்.

ஒரு பேட்டரியில் ஆறு செல், இரண்டில் பன்னிரண்டு. ஒரு செல்லுக்கு 2.35 வோல்ட் என்றால் மொத்தம் 28.2. லாரி ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அதாவது நம் எலக்ட்ரீஷியன்கள் சொல்லும் கட்டவுட், பெரும்பாலும் 28 முதல் 28.5 வோல்ட்டுக்குள் செட் ஆகியிருப்பது இதனால்தான். செல்லுக்கு 2.4 வோல்ட்டைத் தாண்டினால், அதாவது மொத்தம் 28.8-க்கு மேல் போனால், தண்ணீர் வேகமாகப் பிரிந்து வாயுவாகப் போகும். 27-க்குக் கீழே நின்றால் பேட்டரி முழுசாக நிறையவே நிறையாது; தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும்.

இதில் வெயிலும் சேரும். பேட்டரி சூடாக இருந்தால் குறைந்த வோல்ட்டே போதும். ஒரு டிகிரிக்கு ஒரு செல்லுக்குச் சுமார் 4 மில்லிவோல்ட் கணக்கில், 25 டிகிரியில் 28.2 சரி என்றால் 45 டிகிரியில் 27.2 போதும். மே மாதத்தில் வேலூர், திருச்சி பக்கம் ஓடும் வண்டியின் தகரப் பேட்டரிப் பெட்டிக்குள் 45 டிகிரி பெரிய விஷயமில்லை. பனிக்காலத்தில் பஞ்சாப் பக்கம் போகும் வண்டிக்குப் பொருத்தமான 28.6, இங்கே கோடையில் அதிக சார்ஜ். டிஸ்டில்ட் வாட்டர் செலவு கோடையில் மட்டும் ஏறினால் உடனே ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

நடுவிலிருந்து 12 வோல்ட் எடுப்பது

24 வோல்ட் லாரிகளில் பேட்டரியைக் கொல்லும் காரணங்களில் இதற்குத்தான் முதலிடம். மியூசிக் சிஸ்டம், மொபைல் சார்ஜர், கேபின் ஃபேன், அலங்கார எல்இடி பட்டை எல்லாம் 12 வோல்ட்டில் மலிவாகக் கிடைக்கின்றன. லிங்க் கேபிளிலிருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் 12 வோல்ட் கிடைத்துவிடுகிறது. வேலையும் செய்கிறது. உள்ளே நடப்பதுதான் வேறு.

மியூசிக்கும் ஃபேனும் சேர்ந்து 5 ஆம்பியர் எடுக்கின்றன என்று வையுங்கள். இரவு நிறுத்தத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் 40 ஏஎச் போயிற்று. அது முழுவதும் கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் போனது. மேல் பேட்டரி தொடப்படவே இல்லை. காலையில் இன்ஜின் ஓடும்போது இரண்டுக்குள்ளும் பாய்வது ஒரே கரண்ட்தான், தொடர் இணைப்பின் இயல்பு அது. மேல் பேட்டரி சீக்கிரம் நிறைந்து அதன் வோல்ட் ஏறுகிறது. மொத்தம் 28.2 ஆனதும் ரெகுலேட்டர் கரண்ட்டைக் குறைத்துவிடுகிறது. அந்த 28.2 எப்படிப் பிரிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மேலே 15.1, கீழே 13.1 என்று இருக்கும். மேல் பேட்டரி கொதிக்கிறது, கீழ் பேட்டரி பட்டினி கிடக்கிறது, மீட்டரில் மொத்தம் பார்த்தவர் "சார்ஜிங் பக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

அடையாளம் எளிது. ஒரு பேட்டரி மட்டும் தண்ணீர் குடிக்கும், மற்றது குடிக்காது. குடிக்காததுதான் நல்ல பேட்டரி என்று பலர் நினைக்கிறார்கள், சாகப்போவது அதுதான். பிறகு அதை மட்டும் புதிதாக மாற்றுவார்கள், பழைய மேல் பேட்டரியோடு புதுக் கீழ் பேட்டரி ஜோடி சேரும், புதியதும் அதே வழியில் போகும்.

இதற்கு இரண்டு சரியான வழிகள் உண்டு. முதலாவது, 24-லிருந்து 12 தரும் கன்வெர்ட்டர். கடையில் ரிட்யூசர் என்று கேட்டால் தருவார்கள். இது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுக்கும். 12 வோல்ட் பக்கம் 10 ஆம்பியர் வேண்டுமென்றால் 24 பக்கம் சுமார் 7 ஆம்பியர் போகும். ஆகவே உள்ளே வரும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 10 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ரிட்யூசர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் தின்னும் என்பதால் இக்னிஷன் ரிலே வழியாகக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது, பேட்டரி ஈக்குவலைசர். பிளஸ், நடு, எர்த் என்று மூன்று இடத்தில் இணையும். ஒரு பேட்டரியின் வோல்ட் ஏறினால் அங்கிருந்து எடுத்து மற்றதற்குக் கொடுக்கும். நடுவிலிருந்து எடுக்கும் வயர்களை இனிப் பிரித்தெடுக்கவே முடியாது என்கிற அளவுக்குச் சிக்கிக்கிடக்கும் பழைய கேபின்களுக்கு இது பொருத்தம். மற்ற எல்லா வண்டிக்கும் ரிட்யூசர்தான் நேர்வழி. கேபினில் இன்வெர்ட்டர் வைப்பதானால் 24 வோல்ட் இன்புட் உள்ளதையே வாங்குங்கள். 300 வாட் எடுத்தால் அதற்கே சுமார் 15 ஆம்பியர் போகும். அதை நடுவிலிருந்து எடுத்தால் 30 ஆகிவிடும்.

படி 1: ஓய்வில் ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளப்பது

இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் சாவி போடும் முன் அளப்பது உத்தமம். அது முடியாவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்து அளங்கள். சார்ஜ் ஏறிய கையோடு பேட்டரி பொய் வோல்ட் காட்டும்.

ஒரு பேட்டரியில் 12.6-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி, 11.8 என்றால் காலி. 10.5 பக்கம் நின்று சார்ஜ் செய்தும் ஏறவில்லை என்றால் ஒரு செல் போய்விட்டது. இரண்டு பேட்டரிக்கும் வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.3-க்கு மேல் போனால் நடுவிலிருந்து எங்கோ 12 வோல்ட் எடுக்கப்படுகிறது, அல்லது ஜோடியில் ஒன்று முடியப்போகிறது.

மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகப் பேசும். நம் நாட்டு வெப்பத்துக்குத் தயாரானவற்றில் நிறைந்த நிலையில் 1240 பக்கம் காட்டும். சரியான எண் பேட்டரி அட்டையில் இருக்கும். எண்ணைவிடச் செல்லுக்குச் செல் வித்தியாசம்தான் முக்கியம். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 30 புள்ளிக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரியை நம்ப வேண்டாம். தண்ணீர் ஊற்றிய உடனே ஹைட்ரோமீட்டர் போட்டால் அளவு தப்பாக வரும். ஒருமுறை சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு பாருங்கள்.

படி 2: செல்ஃப் அடிக்கும்போது

மீட்டரைக் கேபிள் கிளாம்ப்பில் அல்ல, பேட்டரி கம்பத்திலேயே (டெர்மினலிலேயே) பிடியுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நல்ல ஜோடி 20 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 18-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் இறுகி அளவுக்கு மேல் இழுக்கிறது. எது என்று அறிய ஒவ்வொரு பேட்டரியாக அளக்கவும். ஒன்று 10.5, மற்றது 8 என்றால் குற்றவாளி தெரிந்துவிட்டது. இரண்டும் சமமாக விழுந்தால் ஸ்டார்ட்டரைப் பாருங்கள்.

அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ் கம்பத்திலும், மற்றதை ஸ்டார்ட்டரின் தடித்த பிளஸ் போல்ட்டிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள், லக் (கேபிள் முனையின் உலோகக் காது) அல்லது மெயின் சுவிட்ச்சில் தடை. எர்த் பக்கமும் அப்படியே: பேட்டரி மைனஸ் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் உடம்புக்கு 0.5-க்குள் இருக்க வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டது என்று சொல்லி மாற்றப்படும் ஜோடிகளில் கணிசமானவை இந்தச் சோதனையில் நிரபராதி ஆகிவிடும். பெயிண்ட் மேல் முறுக்கிய எர்த் போல்ட், உள்ளே பச்சை பூத்த லக், தொடுமுனை கருகிய மெயின் சுவிட்ச் இவைதான் உண்மையான திருடர்கள்.

படி 3: சார்ஜிங் வோல்ட்

இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, விளக்குகளை எல்லாம் அணைத்து, மூன்று இடத்தில் அளங்கள்: மொத்தம், கீழ் பேட்டரி, மேல் பேட்டரி. மொத்தம் 27.8 முதல் 28.6-க்குள் இருந்தால் சரி. கடும் வெயிலில் 27.5 வந்தாலும் ஒத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் வித்தியாசம் 0.5-க்கு மேல் இருந்தால் மேலே சொன்ன நடு வயர் கதைதான். பிறகு ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போடுங்கள். 27.2-க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டர் சுமையைத் தாங்கவில்லை, அல்லது வழியில் வோல்ட் விழுகிறது.

29-க்கு மேல் போனால் வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள். ரெகுலேட்டர் ஷார்ட் ஆகியிருக்கும். அல்லது பேட்டரியிலிருந்து வோல்ட் பார்க்கும் சென்ஸ் வயர் உள்ள ஆல்டர்னேட்டரில் அந்த வயரின் முனை அரித்து, ரெகுலேட்டர் குறைந்த வோல்ட்டைப் பார்த்து ஏமாந்து கூட்டிக் கொடுக்கும். ரெகுலேட்டர் மாற்றும் முன் அந்தச் சின்ன வயரைச் சுத்தம் செய்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம், பேட்டரி மேல் ஈரம், பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் போவது எல்லாம் அதிக சார்ஜின் அறிகுறிகள்.

சார்ஜே இல்லை, மீட்டர் 25-லேயே நிற்கிறது என்றால் முதலில் டாஷ்போர்டின் சார்ஜ் விளக்கு. சாவி போட்டதும் அது எரிய வேண்டும். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலோ, அழகுக்காக அதை எல்இடியாக மாற்றினாலோ கரண்ட் போதாமல் ஆல்டர்னேட்டர் தூங்கும். நன்றாக ரேஸ் கொடுத்தால்தான் எழும். அதன்பின் பெல்ட்டைப் பாருங்கள். வி-பெல்ட் என்றால் இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தி 10 முதல் 12 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்றிருந்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது. எவ்வளவு இறுக்கினாலும் பலனில்லை. அதற்குப் பிறகுதான் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு (ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக்குவது).

டயோடு சந்தேகம் இருந்தால் இன்ஜின் ஓடும்போது மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் பிடியுங்கள். 0.5-க்கு மேல் காட்டினால் டயோடு பழுது. மலிவு மீட்டர்கள் சில, டிசியையே ஏசியாகக் காட்டி 50, 60 என்று பயமுறுத்தும். முனைகளை மாற்றிப் பிடித்ததும் பூஜ்ஜியம் ஆனால் மீட்டர்தான் பொய் சொல்கிறது. வேறு மீட்டரில் பாருங்கள்.

பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு இன்ஜின் ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் இன்னும் உண்டு. கரண்ட் போய்க்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால் 24 வோல்ட் வண்டியில் நூறு வோல்ட்டைத் தாண்டும் அதிர்ச்சி ஒரு நொடியில் கிளம்பும். பழைய இன்ஜினில் அது டயோடைக் கொல்லும். காமன் ரெயில் வண்டியில் இசியுவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) சேர்த்து. பேட்டரியைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது.

படி 4: வழியில் எவ்வளவு விழுகிறது

எல்லாச் சுமையும் போட்டு 1500 ஆர்பிஎம்மில், மீட்டரின் ஒரு முனை ஆல்டர்னேட்டரின் தடித்த பிளஸ் போல்ட்டிலும் மற்றது மேல் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும். 0.4 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து கீழ் பேட்டரியின் மைனஸ் கம்பத்துக்கு 0.2-க்குள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், 10 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 5 மீட்டர் நீளத்தில் 60 ஆம்பியர் போனால் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் விழும். எர்த்தில் இன்னொரு 0.3. ஆல்டர்னேட்டரில் 28.2 இருந்தாலும் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 27.4. அதே வயரை 25 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் வயரில் விழுவது 0.2 மட்டுமே. ஆல்டர்னேட்டரை 45-லிருந்து 80 ஆம்பியருக்கு மாற்றிவிட்டுப் பழைய வயரையே விட்டுவைப்பவர்கள் பணத்தைச் சூடாக மாற்றுகிறார்கள், சில சமயம் தீயாகவும்.

எர்த் சரிசெய்வது: போல்ட்டைக் கழற்றி, சேஸிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியவிட்டு, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன் பிறகு மேலே பெயிண்ட் அடிக்கலாம். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையை மறக்காதீர்கள். கிளட்ச் வேலைக்குக் கழற்றிய இடத்தில் மறுபடி மாட்டாமல் விட்ட வண்டிகள் நிறைய.

படி 5: நிற்கும்போது கசிவு

எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, அரை மணி நேரம் விடுங்கள். இசியு உறங்கப் போக அந்த நேரம் தேவை. பிறகு கீழ் பேட்டரியின் எர்த் கேபிளில் கிளாம்ப் மீட்டர். 50 மில்லி ஆம்பியர் பக்கம் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஏஎச், கவலையில்லை. 500 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 12 ஏஎச். லோடு கிடைக்காமல் நான்கு நாள் நின்றால் 100 ஏஎச் பேட்டரி பாதி காலி. மீட்டரைத் தொடராக இணைத்து அளப்பவர்கள், அப்படியே செல்ஃப் அடித்து மீட்டரை எரித்துவிட வேண்டாம்.

கசிவு அதிகமென்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றி எதில் குறைகிறது என்று பாருங்கள். எதிலும் குறையவில்லை என்றால் எர்த்தை முதலில் எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் பிளஸ் வயரைக் கழற்றி, எர்த்தை மறுபடி மாட்டி அளந்து பாருங்கள். அதில் குறைந்தால் டயோடு பின்னோக்கிக் கசிகிறது. அப்படிப்பட்ட ஆல்டர்னேட்டர் நின்ற வண்டியிலும் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும்.

இனி பேட்டரி: எது, எவ்வளவு

மேலே உள்ளவை சரியான பிறகும் தேவை இருந்தால் கொள்ளளவைக் கூட்டலாம். தேவை வளர்ந்திருப்பது உண்மைதான். 2025-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி 3.5 டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம். கம்ப்ரசரை இன்ஜின் சுற்றினாலும் புளோயரும் கண்டென்சர் ஃபேனும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. பழைய வண்டியில் ஏசி ஏற்றினால் முதலில் ஆல்டர்னேட்டர் கணக்கு, பிறகு பேட்டரி. இரவில் ஓடும்போது எடுக்கும் மொத்த ஆம்பியரோடு பேட்டரி ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கையாவது கூட்டுங்கள். விளக்கு, வைப்பர், இசியு, புளோயர் சேர்ந்து 38 ஆம்பியர், பேட்டரி 150 ஏஎச் என்றால் 53 ஆம்பியர் வேண்டும். அங்கே 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் எப்போதும் கடனில்தான் ஓடும். ஐடிலிங்கில் அது இதில் பாதிகூடக் கொடுக்காது.

அளவைப் பார்த்து வாங்குங்கள். என்100 (100 ஏஎச் பேட்டரியின் அளவுக் குறியீடு) சுமார் 41 சென்டிமீட்டர் நீளம், 17.6 அகலம். என்120 சுமார் 50.5 நீளம், 18.2 அகலம். என்150 கிட்டத்தட்ட 51 நீளம், 22 அகலம். அதாவது 100-லிருந்து 150-க்குப் போனால் நீளத்தில் பத்து சென்டிமீட்டர், பக்கத்தில் பக்கம் வைத்தால் அகலத்தில் ஒன்பது சென்டிமீட்டர் கூடுதல் இடம் வேண்டும். பெட்டியை வெட்டி ஒட்டாமல் 120-ஓடு நிற்பதே பல வண்டிகளுக்குப் புத்திசாலித்தனம். 145ஜி51 போன்ற ஜப்பானியக் குறியீட்டின் முதல் எண் ஏஎச் அல்ல. அது என்150-க்கு நிகரான பேட்டரி. ஏஎச்சைக் கேட்கும்போது இருபது மணி நேரக் கணக்கா, ஐந்து மணி நேரக் கணக்கா என்றும் கேளுங்கள். 20 மணிக் கணக்கில் 150 என்பது 5 மணிக் கணக்கில் 120 பக்கம்தான்.

வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியை லாரிக்குப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். தடித்த தகடு மெதுவாக நீண்ட நேரம் கொடுக்கும். செல்ஃபுக்குத் தேவையான நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே இழுப்பில் கொடுக்காது.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே தயாரிப்பு மாதம். ஒன்றை மட்டும் மாற்றுவது லாபமில்லை. இரண்டில் நல்லதாக இருக்கும் பழையதை வேறு 12 வோல்ட் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாட்டும் முறை

முதலில் இரண்டு புதுப் பேட்டரியையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் செய்யுங்கள். 150 ஏஎச்சுக்கு 7.5 ஆம்பியர் போதும். கடைக்காரர் அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் சூடு 50 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, இரண்டின் வோல்ட்டும் 0.1-க்குள் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வண்டிக்கு.

சாவியை எடுங்கள். பிஎஸ்-6 வண்டியில் உடனே மெயின் சுவிட்ச்சைத் திருப்பாதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ திரவத்தின் குழாயைப் பம்ப் காலி செய்து முடிக்க நேரம் வேண்டும். குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்கள். வயர் போகும் விதத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் வரிசை: முதலில் கீழ் பேட்டரியின் எர்த், அடுத்து லிங்க், கடைசியில் மேல் பேட்டரியின் பிளஸ். எர்த் இருக்கும்போதே பிளஸ்ஸில் ஸ்பேனர் போட்டு, அது சேஸிஸில் பட்டால் ஸ்பேனர் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். என்150 ஒன்று 40 கிலோவுக்குக் கிட்ட வரும், இரண்டு பேர் பிடியுங்கள்.

பெட்டியைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவுங்கள். நுரை அடங்கும்வரை ஆசிட் இருக்கிறது என்று அர்த்தம். துருப்பிடித்த தட்டை இப்போதே மாற்றுங்கள். வடிகால் ஓட்டை அடைபட்டிருக்கிறதா பாருங்கள். அடியில் ரப்பர் ஷீட். மேல் மூடிக்கும் டெர்மினலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பெரிய பேட்டரி மாட்டிய வண்டிகளில் மூடி அமுங்கி டெர்மினலில் பட்டுத் தீப்பிடிக்க வாய்ப்பு இங்கேதான். மூடிக்கு உள்ளேயும் ரப்பர் ஒட்டிவிடுங்கள். பிடிப்புச் சட்டம் பேட்டரி அசையாத அளவுக்கு இறுக்கம். உடம்பு விரியும் அளவுக்கு அல்ல. அதிர்வில் தகடு உதிர்ந்து சாகும் பேட்டரிகள் டிப்பர்களில் அதிகம்.

மாட்டும் வரிசை நேர்மாறு: மேல் பேட்டரி பிளஸ், லிங்க், கடைசியில் எர்த். லிங்க் கேபிள் ஸ்டார்ட்டர் கேபிளின் தடிமனுக்குக் குறையக் கூடாது. 50 முதல் 70 சதுர மில்லிமீட்டர். லக்கைச் சுத்தியலால் தட்டி அமுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்ப் செய்து வாங்குங்கள். சுத்தமான உலோகத்தில் இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி. முதலில் கிரீஸ் தடவி அதன்மேல் கிளாம்ப் மாட்டுவது தலைகீழ் வேலை.

இன்ஜினை ஓட்டி மூன்றாம் படியை முழுதாக மறுபடி செய்யுங்கள். அடுத்த நாள் காலையும், ஒரு வாரம் கழித்தும் ஓய்வு வோல்ட்டை ஒவ்வொன்றாக எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் வித்தியாசம் 0.1-லிருந்து 0.3 ஆகியிருந்தால் எங்கோ ஒரு நடு வயர் தப்பிவிட்டது.

பிறகு பராமரிப்பு

தண்ணீரை மாதம் ஒருமுறை பார்க்கவும், கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. தகடு மூழ்கி அதற்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர். சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றினால் வழியாது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஏசியில் சொட்டும் தண்ணீர் சுத்தமாகத் தெரியும்; காயிலின் தூசியும் உலோகமும் அதில் உண்டு. ஆசிட் ஊற்றிச் "சத்து ஏற்றும்" வேலையால் ஹைட்ரோமீட்டர் எண் மட்டும் ஏறும், தகடு அரிக்கும்.

பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைக்கும் முன் இரண்டு பேட்டரியும் கழன்றிருக்க வேண்டும், இசியு கனெக்டரும். வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

பிக்கப்களில் ஆல்டர்னேட்டரைப் பெரிதாக மாற்றுவோர் பின்புறம் பாருங்கள். பல டீசல் பிக்கப்களில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் அங்கேதான் இருக்கிறது. அது இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டினால் சார்ஜ் ஏறும், பிரேக் கட்டையாகிவிடும்.

லித்தியம் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கேபின் ஃபேன், ஃபிரிட்ஜ், விளக்குக்குத் தனியாக ஒரு லித்தியம் பேட்டரி வைத்து, அதை டிசி-டிசி சார்ஜர் வழியாக நிரப்புவது நல்ல ஏற்பாடு. இரவு முழுதும் ஃபேன் ஓடினாலும் செல்ஃப் பேட்டரி தொடப்படாது. ஆனால் ஈயப் பேட்டரியோடு நேரடியாகப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைக்க வேண்டாம். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் கொடுக்கக்கூடியதை எல்லாம் லித்தியம் இழுத்துக்கொள்ளும். அப்போது மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டர் ஃபேனால் அதன் காயில் சூடு தணியாது. லித்தியம் பேட்டரிக்கு உள்ளே உள்ள பாதுகாப்புப் பலகை திடீரென்று துண்டித்தால், பேட்டரிக் கேபிளைப் பிடுங்கியபோது கிளம்பும் அதே அதிர்ச்சி இங்கேயும் கிளம்பும்.

பழைய ஜோடியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது தயாரிப்பாளர் அல்லது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். விற்ற கடையிலேயே எடை போட்டுப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். கொடுக்கும்போது ஆசிட்டைக் கீழே கொட்டாமல் அப்படியே கொடுங்கள், எடையும் குறையாது.